மருந்துக்கடை கவுண்டருக்கு அந்தப் பக்கம்: மருந்தாளுநர் என்பவர் யார், அவரிடம் நாம் என்ன எதிர்பார்க்கலாம்?

டாக்டரைப் பார்த்துவிட்டுச் சீட்டோடு வெளியே வருகிறோம். நேராக மெடிக்கல் ஷாப். சீட்டை நீட்டினால் உள்ளே இருப்பவர் நாலைந்து அட்டைகளை எடுத்து, வேண்டிய அளவுக்குக் கத்தரியால் வெட்டி, காகித உறையில் போட்டு, மேலே '1-0-1' என்று கிறுக்கித் தருகிறார். பணத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்புகிறோம். எல்லாம் இரண்டு நிமிஷம். மளிகைக் கடையில் துவரம்பருப்பு வாங்குவதற்கும் இதற்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று ஒருவர் கேட்டால், பல கடைகளைப் பார்த்தவர்களுக்குச் சட்டென்று பதில் வராது.

வித்தியாசம் உண்டு. நோயாளிக்கும் மருந்துக்கும் நடுவில் கடைசியாக நிற்கிற படித்த ஆள் மருந்தாளுநர்தான். அவரைத் தாண்டிவிட்டால், எந்த மாத்திரையை எப்போது போடுவது, எதோடு போடுவது, எத்தனை நாள் போடுவது என்பதெல்லாம் நம் வீட்டுச் சமையலறை மேடையில் முடிவாகிறது. அங்கே தப்பு நடந்தால் பார்த்துச் சொல்ல யாரும் இல்லை. டாக்டர் சரியாகக் கண்டுபிடித்து, சரியான மருந்தை எழுதி, கம்பெனி அதைச் சரியாகத் தயாரித்து, கடையும் சரியானதையே கொடுத்தாலும், கடைசி இரண்டு அடியில் எல்லாம் வீணாகிவிடலாம். நீண்ட நாள் நோய்களுக்கு மருந்து எடுப்பவர்களில், வசதியான நாடுகளிலேயே சுமார் பாதிப் பேர்தான் சொன்னபடி எடுக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-இல் ஓர் அறிக்கையில் சொன்னது. மீதிப் பேர் எல்லோரும் சோம்பேறிகள் என்று அர்த்தமில்லை. அவர்களுக்குப் புரியும்படி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அல்லது அவர்கள் வாழ்க்கைக்கு ஒத்துவருமா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

'நோயாளியை மையமாக வைத்த மருத்துவம்' என்று புத்தகங்களில் எழுதுவதை மருந்துக்கடையில் வைத்துப் பார்த்தால் இவ்வளவுதான்: மருந்தைக் கொடுப்பதோடு வேலை முடிவதில்லை, அது இந்த மனிதருக்கு வேலை செய்கிறதா என்பது வரை பொறுப்பு உண்டு. இந்த எண்ணத்தைத் தெளிவாக எழுதி வைத்தவர்கள் அமெரிக்காவைச் சேர்ந்த சார்லஸ் ஹெப்லர், லிண்டா ஸ்ட்ராண்ட் என்ற இருவர். 1990-இல் வந்த அவர்களுடைய கட்டுரை, நோயாளியின் வாழ்க்கைத் தரம் மேம்பட வேண்டும் என்ற நோக்கத்தோடு மருந்துச் சிகிச்சையைப் பொறுப்பேற்று நடத்துவதுதான் மருந்தாளுநரின் வேலை என்றது. அதுவரை மாத்திரையை எண்ணிக் கொடுப்பவராகப் பார்க்கப்பட்டவர், அதற்குப் பிறகு பலனுக்கும் பதில் சொல்ல வேண்டியவராகிறார்.

முதலில், அவர் யார்?

மருந்துக்கடையில் நிற்கிற எல்லோரும் மருந்தாளுநர் இல்லை. டி.பார்ம் என்ற இரண்டாண்டுப் படிப்போ, பி.பார்ம் என்ற நான்காண்டுப் படிப்போ முடித்து, மாநில பார்மசி கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் மருந்தாளுநர். 2008 முதல் இந்தியாவில் பார்ம்.டி என்ற ஆறாண்டுப் படிப்பும் இருக்கிறது. அதில் மாணவர்கள் மருத்துவமனை வார்டுகளில் நோயாளிகளோடு நேரடியாகப் பயிற்சி எடுக்கிறார்கள். 1948-ஆம் ஆண்டு பார்மசி சட்டத்தின் 42-ஆம் பிரிவின்படி, டாக்டரின் சீட்டுக்கு மருந்து கொடுக்கும் வேலையைப் பதிவு பெற்ற மருந்தாளுநரைத் தவிர வேறு யாரும் செய்யக் கூடாது. 2015-இல் வந்த பார்மசி நடைமுறை விதிகள் இன்னும் ஒரு படி மேலே போய், நோயாளிக்கு விளக்கம் சொல்வதையும் வேலையின் பகுதியாக்கின. மருந்தை எப்படி எடுப்பது, எப்படிப் பத்திரப்படுத்துவது, என்ன பக்கவிளைவு வரலாம், எதோடு சேரக் கூடாது என்பதையெல்லாம் அவர் சொல்ல வேண்டும்.

ஆகவே, "இதை எப்படிங்க போடணும்?" என்று கவுண்டரில் கேட்பது தொந்தரவு கொடுப்பதாகாது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் அவர் படித்திருக்கிறார்.

மூன்று கேள்விகள்

அமெரிக்கப் பழங்குடி மக்களுக்கான அரசு சுகாதாரச் சேவையில் பணியாற்றிய மருந்தாளுநர்கள் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். புது மருந்து கொடுக்கும்போது விளக்கத்தை ஒப்பிப்பதற்கு முன்னால் மூன்று கேள்விகள் கேட்பார்கள். இது எதற்கு என்று டாக்டர் சொன்னார்? எப்படி எடுக்கச் சொன்னார்? எடுத்தால் என்ன ஆகும் என்று சொன்னார்? நோயாளிக்கு ஏற்கெனவே தெரிந்ததைத் திரும்பச் சொல்லி நேரத்தை வீணாக்காமல், விட்டுப்போன இடத்தை மட்டும் நிரப்பலாம். கேட்பதற்கு ரொம்ப எளிது. ஆனால் இதில் ஒரு மரியாதை இருக்கிறது: உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்து நான் ஆரம்பிக்கவில்லை என்று சொல்வது போல.

நம் ஊர்க் கடையில் இது எப்படி இருக்கும் என்று பார்ப்போம். தைராய்டு மாத்திரை பாட்டிலை முதல்முறையாக வாங்க வந்திருக்கிறார் ஓர் அம்மா.

"எதுக்கும்மா இந்த மாத்திரை? டாக்டர் சொன்னாரா?"

"தைராய்டு கம்மியா இருக்காம்."

"எப்படிப் போடச் சொன்னாரு?"

"காலைல வெறும் வயித்துல ஒண்ணு."

"சரியாச் சொல்றீங்க. காலைல எந்திரிச்சதும் முதல்ல என்ன பண்ணுவீங்க?"

"காபிதான் போடுவேன். அந்தக் காபியோடயே இதையும் முழுங்கிட்டா மறக்காதுல்ல?"

கவனியுங்கள், இரண்டாவது கேள்விக்கு அவர் சொன்ன பதில் நூற்றுக்கு நூறு சரி. தேர்வாக இருந்தால் முழு மதிப்பெண். ஆனால் அவர் கணக்கில் காபி சாப்பாட்டில் சேராது. காபியோடு போட்டால் மாத்திரையில் உள்ள தைராக்சின் குடலில் சரியாக உறிஞ்சப்படாது. வெறும் தண்ணீரோடு போட்டுவிட்டு, குறைந்தது அரை மணி நேரம் கழித்துத்தான் காபி. கூடவே இரும்புச்சத்து மாத்திரையோ கால்சியம் மாத்திரையோ எடுப்பவராக இருந்தால் அதற்கு நாலு மணி நேர இடைவெளி வேண்டும். இது தெரியாமல் இரண்டு மாதம் போட்டுவிட்டு ரத்தப் பரிசோதனை செய்தால் தைராய்டு இன்னும் கம்மியாகவே இருக்கிறது என்று வரும், டாக்டர் டோஸை ஏற்றுவார், செலவும் குழப்பமும் ஏறும். எல்லாம் ஒரு டம்ளர் காபியால்.

பாட்டிலில் எழுதியிருப்பதை வாசித்துக் காட்டுகிற மருந்தாளுநர் இதைப் பிடித்திருக்க மாட்டார். "எந்திரிச்சதும் என்ன பண்ணுவீங்க" என்று அந்த அம்மாவின் காலைப் பொழுதை விசாரித்தவர் பிடித்தார். மூன்றாவது கேள்வியும் இங்கே முக்கியம். களைப்பும் உடம்பு வீக்கமும் ஒரே வாரத்தில் போய்விடும் என்று நினைத்தால், 'கேக்கலை' என்று மாத்திரையை நிறுத்திவிடுவார். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், ஆறு முதல் எட்டு வாரத்தில்தான் மறுபடி ரத்தம் பார்ப்பார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பொறுமையாக இருப்பார்.

எல்லாம் சொல்லி முடித்த பிறகு "புரிஞ்சுதா?" என்று கேட்பதில் பிரயோஜனம் இல்லை. நம் ஊரில் அதற்கு ஒரே பதில்தான்: "புரிஞ்சுதுங்க." வரிசையில் பின்னால் நாலு பேர் நிற்கும்போது புரியவில்லை என்று யார் சொல்வார்கள்? அதற்குப் பதிலாக, "நான் சரியாச் சொன்னேனான்னு பாக்கணும், வீட்ல பொண்ணு கேட்டா எப்படிச் சொல்வீங்கம்மா?" என்று கேட்கலாம். பழி மருந்தாளுநர் மேல். நோயாளிக்குக் கூச்சம் இல்லை. மருத்துவக் கல்வியில் இதை ஒரு முறையாகவே சொல்லித் தருகிறார்கள்.

சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி

கவனம் என்பது எந்த அளவுக்கு நுணுக்கமானது என்று தெரிய வேண்டுமானால் இன்சுலின் ஊசியைப் பாருங்கள். இந்தியாவில் பாட்டிலில் வரும் இன்சுலின் இரண்டு செறிவில் கிடைக்கிறது. ஒன்றில் ஒரு மில்லியில் 40 யூனிட். இன்னொன்றில் ஒரு மில்லியில் 100 யூனிட். அதற்கேற்ப ஊசியும் இரண்டு வகை. 40-க்கு உரிய ஊசியின் மூடி சிவப்பு, 100-க்கு உரியதன் மூடி ஆரஞ்சு. பாட்டிலும் ஊசியும் ஜோடியாக இருந்தால்தான் ஊசியில் உள்ள கோடுகள் உண்மையைச் சொல்லும்.

டாக்டர் 20 யூனிட் போடச் சொல்லியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் இருப்பது 40 பாட்டில். பேரன் கடைக்குப் போய் "ஒரு இன்சுலின் ஊசி" என்று கேட்டு ஆரஞ்சு மூடியை வாங்கி வருகிறான். அதில் 20 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே வருவது 0.2 மில்லி, அதாவது 8 யூனிட். சர்க்கரை ஏறிக்கொண்டே போகும், காரணம் யாருக்கும் தெரியாது. மாற்றிப் போட்டால் இன்னும் ஆபத்து: 100 பாட்டிலைச் சிவப்பு மூடி ஊசியில் 20 வரை இழுத்தால் 50 யூனிட் போய்விடும். சர்க்கரை தடாலென்று இறங்கி, வியர்த்து, மயங்கி விழுவார்; உயிருக்கே ஆபத்தாகலாம்.

நல்ல மருந்தாளுநர் இந்த இடத்தில் கேட்கிற கேள்வி, "எந்த பாட்டில், தம்பி? போன் பண்ணிக் கேளு, இல்ல போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லு." அவ்வளவுதான். அரை நிமிஷ வேலை. கருணை என்ற சொல்லைக் கேட்டதும் நமக்குக் கனிவான முகமும் மென்மையான குரலும்தான் ஞாபகம் வருகின்றன. அவை இருந்தால் நல்லதுதான். ஆனால் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு சரியான ஊசியைக் கேட்டு விசாரித்துக் கொடுக்கிறவர், சிரித்த முகத்தோடு தப்பான ஊசியைக் கொடுப்பவரைவிட எனக்கு ஆயிரம் மடங்கு கருணையானவர்.

இன்சுலின் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. திறக்காத பாட்டிலை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், ஃப்ரீசரில் கூடாது, உறைந்துபோனதைப் பயன்படுத்தவே கூடாது என்பது பாடம். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டுக்காரரிடம் இந்தப் பாடத்தை ஒப்பித்து என்ன செய்ய? "வீட்ல ஃப்ரிட்ஜ் இருக்காப்பா?" என்று முதலில் கேட்க வேண்டும். இல்லையென்றால், ஒரே நேரத்தில் மூன்று பாட்டில் வாங்காமல் ஒன்றாக வாங்கச் சொல்லலாம். பயன்பாட்டில் இருப்பதைத் தண்ணீர் ஊற்றிய மண்பானைக்குள் நனையாதபடி டப்பாவில் வைக்கச் சொல்லலாம். வெயில் காலத்தில் மண்பானை உண்மையிலேயே உதவுகிறது.

குழந்தை மருந்தும் இதே மாதிரிதான். காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாராசிட்டமால் சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் ஐந்து மில்லிக்கு 125 அல்லது 250 மில்லிகிராம். எட்டு கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 120 மில்லிகிராம் போதும் என்றால், சொட்டு மருந்தில் அது 1.2 மில்லி, 125 சிரப்பில் கிட்டத்தட்ட ஒரு முழு ஐந்து மில்லி மூடி. போன தடவை சிரப் வாங்கிய தாய், இந்தத் தடவை சொட்டு மருந்து பாட்டிலைப் பார்த்து அதே ஐந்து மில்லியை ஊற்றினால் 500 மில்லிகிராம். நாலு மடங்குக்கும் மேல். இரண்டு பெட்டியிலும் பெயர் ஒன்று, படமும் கிட்டத்தட்ட ஒன்று. சொட்டு மருந்தோடு வரும் டிராப்பரில் எந்தக் கோடு வரை என்று பேனாவால் கோடு போட்டுக் கொடுத்தால் போதும், அந்த வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராது.

மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட்டைப் பற்றியும் ஒரு வரி. அது வாரத்துக்கு ஒரு நாள் போடும் மாத்திரை. மாத்திரை என்றாலே தினமும் என்று பழகியவர்கள் தினமும் போட்டு, வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் குறைந்து, இறந்துபோன சம்பவங்கள் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன. உறையில் 'வாரம் ஒன்று' என்று எழுதுவதைவிட "எந்தக் கிழமை போடப் போறீங்க?" என்று கேட்டு, 'வியாழக்கிழமை மட்டும்' என்று அவர் கண்முன்னே எழுதுவது நல்லது.

பணம் இல்லாதபோது

"அண்ணே, இதுல எல்லாத்துலயும் பாதி பாதி குடுங்க." மருந்துக்கடையில் ஒரு நாளில் எத்தனையோ முறை கேட்கிற வாசகம். சீட்டில் ஐந்து அயிட்டம். ஓர் ஆன்டிபயாடிக், வலிக்கு ஒன்று, வயிற்றுப் புண் வராமல் இருக்க ஒன்று, ஒரு வைட்டமின், ஒரு டானிக். எல்லாவற்றிலும் பாதி என்றால் ஆன்டிபயாடிக்கிலும் பாதி. கிருமி முழுசாகச் சாகாது. டானிக்கில் மிச்சம் இருக்கும்.

கையில் இருக்கும் பணத்துக்கு எது அவசியம், எது பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று இந்த இடத்தில் எடுத்துச் சொல்வது பெரிய உதவி. ஆனால் ஒரு வரம்பு உண்டு. சீட்டில் ஒரு பிராண்டின் பெயர் இருந்தால், விலை குறைவு என்பதற்காக மருந்தாளுநர் தானாகவே வேறொன்றை மாற்றிக் கொடுக்க இந்திய விதிகள் அனுமதிப்பதில்லை. டாக்டருக்கு ஒரு போன் போட்டு, "சார், இவரால இவ்ளோ விலையில வாங்க முடியலை, இதே மருந்து வேற கம்பெனியில குடுக்கலாமா?" என்று கேட்கலாம். நோயாளி தானாக டாக்டரிடம் இதைக் கேட்கக் கூச்சப்படுவார். நடுவில் நிற்பவர் கேட்டால் கூச்சம் இல்லை. 2008-இல் தொடங்கிய மத்திய அரசின் ஜன் அவுஷதி கடைகளும், தமிழ்நாட்டில் 2025 பிப்ரவரி 24 அன்று ஒரே நாளில் ஆயிரம் இடங்களில் திறக்கப்பட்ட முதல்வர் மருந்தகங்களும் ஜெனரிக் மருந்துகளை, அதாவது பிரபல பிராண்டு பெயர் இல்லாத அதே மருந்துகளை, குறைந்த விலைக்குத் தருகின்றன. மாதா மாதம் பிரஷருக்கும் சுகருக்கும் வாங்குபவருக்கு அங்கே போகச் சொல்வது தன் வியாபாரத்துக்கு நஷ்டம்தான். அப்படியும் சொல்கிற கடைக்காரர்கள் இருக்கிறார்கள்.

பாதி அட்டை வெட்டும்போது ஒரு சின்ன விஷயம். காலாவதித் தேதியும் பேட்ச் எண்ணும் அட்டையின் ஒரு பகுதியில்தான் அச்சாகியிருக்கும். பெயரும் தேதியும் இல்லாத துண்டு நோயாளி வீட்டுக்குப் போனால், ஆறு மாதம் கழித்து அது என்ன மாத்திரை என்று கண்டுபிடிக்க முடியாது. குறைந்தபட்சம் உறையில் பெயரையும் தேதியையும் எழுதிக் கொடுக்க வேண்டும்.

'இல்லை' என்று சொல்லும் கருணை

கேட்டதைக் கொடுத்துவிட்டால் வாடிக்கையாளருக்குச் சந்தோஷம். ஆனால் மருந்துக்கடையில் சந்தோஷமும் நன்மையும் அடிக்கடி வேறு வேறு பக்கம் போகும்.

சளிக்கு ஆன்டிபயாடிக் கேட்டு வருபவருக்கு அது தேவைப்படாமல் இருக்கலாம். பெரும்பாலான சளி வைரஸால் வருவது, அதற்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. கண்டபடி எடுத்தால் கிருமிகள் பழகிப்போய், உண்மையில் தேவைப்படும் நாளில் மருந்து கேட்காமல் போகும். 2014 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த அட்டவணை எச்-1 என்ற விதி, சக்திவாய்ந்த பல ஆன்டிபயாடிக்குகள், காசநோய் மருந்துகள், பழக்கமாகிவிடக்கூடிய சில மருந்துகள் ஆகியவற்றுக்குத் தனிப் பதிவேடு வைக்கச் சொல்கிறது. டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாம் எழுதி மூன்று வருஷம் பாதுகாக்க வேண்டும். 2016-இல் மத்திய சுகாதார அமைச்சகம், அட்டையில் சிவப்புக் கோடு உள்ள மருந்தை டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள் என்று பிரசாரமே செய்தது. அடுத்த தடவை அட்டையைத் திருப்பிப் பாருங்கள், அந்தக் கோடு தெரியும்.

படர்தாமரை இன்னும் வேதனையான கதை. அரிக்கிறது என்று கடையில் கேட்டால், ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றையும் கலந்த களிம்பு ஒன்று கைக்கு வரும். தடவினால் இரண்டே நாளில் அரிப்பு அடங்கும். "சூப்பர் மருந்து" என்று பக்கத்து வீட்டுக்கும் சொல்வோம். ஆனால் ஸ்டீராய்டு அரிப்பைத்தான் அடக்குகிறது. அதோடு தோலின் எதிர்ப்புச் சக்தியையும் அடக்குவதால் பூஞ்சை சத்தமில்லாமல் பரவுகிறது. நிறுத்தினால் முன்பைவிட மோசமாகத் திரும்பும். முகம் வெளுக்க இதே வகைக் களிம்பை மாதக்கணக்கில் தடவித் தோல் மெலிந்து சிவந்துபோன பெண்கள் எத்தனையோ பேர். 2018-இல் பல ஸ்டீராய்டு களிம்புகள் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டியவை என்று மாற்றப்பட்டன. விதி வந்துவிட்டது. அதைக் கவுண்டரில் சொல்லி, திட்டு வாங்கி, டாக்டரிடம் அனுப்புவது மருந்தாளுநர் தலையில் விழுகிற வேலை.

சீட்டில்லாமல் தூக்க மாத்திரை கேட்டு வருபவரிடம் 'கிடையாது' என்று சொல்லி அனுப்பிவிடுவது சட்டப்படி சரி. ஆனால் அதோடு நிறுத்திக்கொள்வது போதாது. "எத்தனை நாளா தூக்கம் இல்ல? என்ன ஆச்சு?" என்று ஒரு வார்த்தை கேட்கலாம். பதிலில் ஏதாவது தட்டுப்பட்டால், டெலிமானஸ் என்ற இலவச மனநல உதவி எண் 14416-ஐ எழுதிக் கொடுத்து, கூட யாராவது வந்திருக்கிறார்களா என்று பார்க்கலாம். மருந்தாளுநர் மனநல மருத்துவர் ஆகிவிட வேண்டியதில்லை. சரியான கதவைக் காட்டினால் போதும்.

குரலைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் கடைகளில் கவுண்டர் தெருவைப் பார்த்து இருக்கும். பத்துப் பேர் ஒட்டி நிற்பார்கள். உள்ளே இருந்து ஒருவர், "அந்த டிபி மாத்திரை யாருக்கு?" என்று சத்தம் போட்டால், அந்த மனிதர் அடுத்த மாதம் அந்தக் கடைக்கு வரமாட்டார். காசநோய் மருந்தை நடுவில் விட்டுவிடுவார். மனநல மருந்து, எச்.ஐ.வி. மருந்து, கருத்தடை மாத்திரை எல்லாவற்றுக்கும் இதே கதிதான். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, ஓரமாக அழைத்து, தணிந்த குரலில் பேசுவதற்குப் பட்டம் எதுவும் வேண்டாம்.

சலூனில் ஒரு மருந்தாளுநர்

மருந்தாளுநர் கவுண்டரைத் தாண்டி வெளியே வந்தால் என்ன ஆகும்? லாஸ் ஏஞ்சல்ஸில் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். அமெரிக்காவின் கறுப்பின ஆண்களிடையே ரத்தக் கொதிப்பு அதிகம். ஆனால் அவர்களில் பலர் மருத்துவமனைப் பக்கம் அவ்வளவாகப் போவதில்லை. நம்பிக்கை இல்லாததற்கு வரலாற்றுக் காரணங்கள் நிறைய. சரி, அவர்கள் தவறாமல் போகிற இடம் எது? முடிவெட்டும் கடை. ரொனால்ட் விக்டர் என்ற இதய மருத்துவரின் குழு 52 சலூன்களைத் தேர்ந்தெடுத்தது. 319 பேர் கலந்துகொண்டார்கள். பாதிக் கடைகளில் முடிதிருத்துபவரே வாடிக்கையாளரிடம் பேசி, உணவுப் பழக்கத்தை மாற்றவும் டாக்டரைப் பார்க்கவும் சொன்னார். மீதிக் கடைகளுக்குப் பயிற்சி பெற்ற மருந்தாளுநர்களே வந்தார்கள். பிரஷர் பார்த்து, நோயாளியின் டாக்டரோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி அங்கேயே மருந்தை எழுதி, தேவைப்பட்டபோது மாற்றினார்கள்.

ஆறு மாதம் கழித்து, மருந்தாளுநர் வந்த கடைகளில் மேல் அளவு சராசரியாக 27 புள்ளி இறங்கியிருந்தது. மற்ற கடைகளில் 9 சொச்சம். 130-க்கு 80 என்ற இலக்குக்குக் கீழே வந்தவர்கள் மருந்தாளுநர் வந்த கடைகளில் நூற்றுக்கு 64 பேர் அளவில்; மற்றவற்றில் 12 பேர் அளவில். 2018-இல் இந்த முடிவுகள் வெளியானபோது மருத்துவ உலகம் கொஞ்சம் அசந்துபோனது. கொடுத்த மாத்திரைகள் ஒன்றும் புதிதில்லை, எல்லாம் பழைய பிரஷர் மாத்திரைகள். நோயாளி நிம்மதியாக உட்காருகிற இடத்துக்கு, அவர் பல வருஷமாக நம்புகிற ஒருவரின் அறிமுகத்தோடு, மருந்து தெரிந்தவர் போனார். வித்தியாசம் அதுதான்.

இந்தியாவில் மருந்தாளுநர் இப்படி மருந்து எழுதவோ மாற்றவோ சட்டத்தில் இடமில்லை, அதனால் அதை அப்படியே இங்கே இறக்க முடியாது. ஆனால் நோயாளி இருக்கும் இடத்துக்குப் போவது என்ற எண்ணம் இங்கும் புதிதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே போகின்றன. கொண்டுபோகும் பெண் தன்னார்வலரோடு மாதம் ஒரு தடவையாவது ஒரு மருந்தாளுநரும் போய், வீட்டில் சேர்ந்திருக்கும் மாத்திரைகளைப் பார்த்துவிட்டு வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

ஏன் எல்லாக் கடையிலும் இப்படி இல்லை?

நியாயமான கேள்வி. சில கடைகளில் சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழுக்கு உரியவர் கடைப் பக்கமே வருவதில்லை; சான்றிதழை மாத வாடகைக்கு விடுவது ஊரறிந்த ரகசியம். வேலைக்கு இருக்கும் மருந்தாளுநர் பலருக்குச் சம்பளம் சொற்பம், நிற்கிற நேரம் அதிகம். விளக்கம் சொல்வதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. மாத்திரை விற்றால்தான் காசு. அரசு மருத்துவமனையில் காலை நேரத்து மருந்து ஜன்னல் முன்னால் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால், ஓர் ஆளுக்கு அரை நிமிஷம்கூடத் தேறாது. இப்படிப்பட்ட இடத்தில் மூன்று கேள்வி கேள் என்று உபதேசம் செய்வது எளிது. அங்கே இருப்பவர் ஒன்றே ஒன்று செய்ய முடியுமென்றால், எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு உறையில் காலைக்குச் சூரியனும் இரவுக்கு நிலாவும் வரைந்து கொடுப்பதுதான் அதிகப் பலன் தரும்.

நம் பக்கத்திலும் கொஞ்சம் வேலை இருக்கிறது. பல டாக்டர்களிடம் காட்டுகிற பெரியவர்கள் வீட்டில் இருந்தால், மாத்திரை டப்பா, ஃப்ரிட்ஜ் கதவு, தலையணை அடி, சாமி அலமாரி என்று எங்கெங்கே என்ன இருக்கிறதோ அத்தனையையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு, சித்த மருந்து, சூரணம், லேகியம் உட்பட எடுத்துக்கொண்டு, கூட்டம் இல்லாத மதிய நேரமாகப் பார்த்து, தெரிந்த மருந்தாளுநரிடம் போங்கள். ஒரே மருந்து இரண்டு பெயரில் ஓடுவது அநேகமாகப் பிடிபடும். காய்ச்சல் மாத்திரையிலும் சளி மாத்திரையிலும் பாராசிட்டமால் இருப்பது இதில் சர்வசாதாரணம். அளவு கூடினால் கல்லீரலைத் தாக்கும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர் முட்டிவலிக்குத் தானாக வாங்கிப் போடும், அதோடு சேரக் கூடாத வலி மாத்திரையும் இப்படித்தான் வெளியே வரும். அவர் அதைப் பார்த்தால் டாக்டரிடம் பேசச் சொல்வார். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

ஒரு மருந்தைப் போட்ட பிறகு உடம்பில் தடிப்போ, வீக்கமோ, வேறு ஏதாவது புதிதாகவோ வந்தால் அதையும் அவரிடம் சொல்லுங்கள். அவசரம் என்றால் மருத்துவமனைக்கு அனுப்புவார். பக்கவிளைவுகளைப் பதிவு செய்ய 2010 முதல் இந்தியாவில் ஒரு தேசியத் திட்டம் இருக்கிறது. டாக்டரும் மருந்தாளுநரும்தான் தகவல் தர வேண்டும் என்றில்லை, நோயாளியே 1800-180-3024 என்ற எண்ணில் கூப்பிட்டுச் சொல்லலாம். கட்டணம் கிடையாது. கூப்பிடும்போது மருந்தின் பெயரும் பேட்ச் எண்ணும் கையில் இருந்தால் நல்லது. அதனால் அட்டையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.